பூத்துப்போன பேட்ச்: ரோட்டிகோட்டின் நிகழ்வு ஆய்வு

2008 வசந்த காலத்தில் அமெரிக்காவின் பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்கு மருத்துவர்களிடமிருந்து ஒரே செய்தி போனது. தினம் ஒன்றாகத் தோலில் ஒட்டிக்கொண்டிருந்த, ரோட்டிகோட்டின் என்ற மருந்து கொண்ட நியூப்ரோ பேட்ச் ஏப்ரல் இறுதிக்குப் பிறகு கடைகளில் கிடைக்காது. ஆனால் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது, அளவைப் படிப்படியாகக் குறைத்து வெளியே வர வேண்டும். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைச் செய்யும் மருந்தைத் திடீரென்று பிடுங்கினால் கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, நினைவுக் குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகும் நிலை வரலாம். அதனால்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 2 மி.கி. அளவாகக் குறைக்கச் சொன்னார்கள். அந்த பேட்ச் அங்கே அனுமதி பெற்றது 2007 மே மாதத்தில். ஓர் ஆண்டு கூட முழுதாக ஓடவில்லை.

காரணம், பேட்சின் மேல் தெரிந்த வெள்ளைப் பூக்கள். பாதுகாப்புப் படலத்தை உரித்துப் பார்த்தால் ஒட்டும் பரப்பில் பனிப்பூ போன்ற உருவங்கள் பரவியிருந்தன. அவை பூஞ்சையோ தூசியோ இல்லை, மருந்தேதான். கரைந்த நிலையில் இருக்க வேண்டிய ரோட்டிகோட்டின் படிகமாகிப் பிரிந்து நின்றது. படிகமாகிவிட்ட மருந்து தோலுக்குள் போவது குறையும். ஒரு பேட்சில் எவ்வளவு படிகம் இருக்கிறது என்பதைப் பொறுத்து நோயாளிக்குக் கிடைக்கும் அளவும் நாளுக்கு நாள் மாறும். நடக்கவும் சட்டைப் பொத்தான் போடவும் அந்த அளவை நம்பியிருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மருந்தாக்கவியல் பாடம் நடத்துகிறவன் நான். தோல் வழியாக மருந்தை அதிகம் செலுத்தும் உத்திகள் என்று ஆண்டுதோறும் ஒரு பகுதி வரும். மாணவர்கள் ஊடுருவலைக் கூட்டும் வேதிப்பொருள்கள், மின்னோட்டம், நுண்ணூசி என்று பட்டியலை மனப்பாடம் செய்துவிடுவார்கள். அந்தப் பட்டியலுக்கு முன்பாக நான் இந்த ஒரு நிகழ்வைச் சொல்லித் தருகிறேன். மருந்தைத் தோலுக்குள் தள்ளும் விசையும், அதே மருந்தை பேட்சுக்குள்ளேயே படிகமாக்கும் விசையும் ஒன்றேதான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறு நிகழ்வு எனக்குத் தெரியாது.

தோல் வழியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்

ரோட்டிகோட்டின் உருவானது நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில், 1985ஆம் ஆண்டு வாக்கில். டோபமைன் அமரும் இடங்களில் தானே போய் அமர்ந்து அதன் வேலையைச் செய்யும் மருந்து இது. பார்க்கின்சனுக்கு லெவோடோபா மாத்திரை நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் நோய் முற்றும்போது மாத்திரைக்கும் மாத்திரைக்கும் நடுவே மருந்தின் அளவு ஏறி இறங்குவதை உடலே காட்டிக்கொடுத்துவிடும். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து நன்றாக நடந்தவர், அடுத்த வேளை நெருங்கும்போது நாற்காலியிலிருந்து எழ முடியாமல் உட்கார்ந்திருப்பார். இரவும் பகலும் ஒரே சீராக மருந்து சொட்டிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்குமே என்பது மருத்துவர்களின் நெடுநாள் ஆசை.

ரோட்டிகோட்டினை விழுங்கப் பயனில்லை. குடலும் கல்லீரலும் சேர்ந்து அதைச் சிதைத்துவிடும். வாய் வழியாகக் கொடுத்ததில் ஒரு சதவீதம் கூட இரத்தத்தில் முழுதாக வந்து சேராது. ஆனால் தோலுக்கு ஏற்ற மருந்து என்று பார்த்தால் இதைவிட நல்லது அமைவது கடினம். மூலக்கூறு எடை சுமார் 315. தோலைத் தானாகக் கடக்க 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டு பாஸ், மைனார்டி என்ற இருவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு துறையில் எல்லோரும் சொல்லும் விதி. கொழுப்பில் நன்றாகக் கரையும், நாளுக்குச் சில மில்லிகிராம் போதும்.

எதிரே நிற்கும் சுவர் கொம்புப் படலம். தோலின் மேலே இருக்கும் செத்த செல்களின் அடுக்கு அது. உடம்பின் பெரும்பகுதியில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான், ஒரு தலைமுடியின் தடிமனைவிட மிகக் குறைவு. செங்கல் அடுக்கிச் சாந்து பூசிய மாதிரி, புரதம் நிறைந்த தட்டைச் செல்களுக்கு நடுவே கொழுப்பு நிரம்பியிருக்கிறது. மருந்து பெரும்பாலும் அந்தச் சாந்து வழியாகவே வளைந்து வளைந்து போயாக வேண்டும். உடம்பின் தண்ணீர் ஆவியாகாமல் காப்பதும் வெளியிலிருந்து எதையும் உள்ளே விடாததும் இந்தப் படலம்தான்.

துடிப்பு

இந்தச் சுவரைக் கடக்க இரண்டு விதமாக முயலலாம். ஒன்று, சுவரையே தளர்த்துவது. எத்தனால், ஒலியிக் அமிலம், டெர்பீன்கள் போன்றவை சாந்துக் கொழுப்பின் ஒழுங்கைக் குலைக்கின்றன. மின்னோட்டம் மின்னேற்றமுள்ள மருந்தைத் தள்ளிக்கொண்டு போகிறது. நுண்ணூசிகள் சுவரில் துளையே போட்டுவிடுகின்றன. மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன், டெட்ராகெய்ன் கலந்த ஒரு பேட்ச் தானே சூடாகித் தோலை வெதுவெதுப்பாக்கும். அதற்கு 2005இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இவை எல்லாவற்றிலும் தோல் ஏதோ ஒரு விலை கொடுக்கிறது, சிவத்தல், அரிப்பு, எரிச்சல் என்று.

இரண்டாவது வழியில் தோலைத் தொடுவதில்லை. மருந்தின் துடிப்பைக் கூட்டுகிறோம். 1960இல் டகேரு ஹிகுச்சி இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார். மருந்து எவ்வளவு வேகமாகத் தோலுக்குள் போகும் என்பதை முடிவு செய்வது, களிம்பில் எத்தனை சதவீதம் மருந்து போட்டோம் என்பது இல்லை. அந்தக் களிம்பை விட்டு வெளியேற மருந்துக்கு எவ்வளவு நாட்டம் இருக்கிறது என்பதே. வெப்ப இயக்கவியலில் இதைச் செயல்திறன் என்பார்கள். வகுப்பில் நான் பேருந்தைக் காட்டுவேன். உள்ளே சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தவர் நிறுத்தம் வந்தாலும் மெதுவாகத்தான் எழுவார். படியில் தொங்கிக்கொண்டு வருபவர் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்துவிடுவார். பேருந்தில் எத்தனை பேர் என்பதைவிட, எத்தனை பேர் படியில் நிற்கிறார்கள் என்பதே முக்கியம்.

மருந்தை நன்றாகக் கரைக்கும் களிம்பு என்பது வசதியான சீட்டு. மருந்து அங்கேயே தங்கிவிடும். மருந்தைக் கொஞ்சமாகக் கரைக்கும் களிம்பில், கரையக்கூடிய எல்லை வரை மருந்தை நிரப்பினால் அதற்கு இருப்பே கொள்ளாது, வெளியே போகத் துடிக்கும். அந்த எல்லைதான் பள்ளிப் பாடத்தில் படித்த தெவிட்டிய கரைசல். எல்லையைத் தாண்டியும் நிரப்ப முடிந்தால் அது அதிதெவிட்டிய கரைசல், துடிப்பு அங்கே இன்னும் அதிகம். 1969இல் கோல்ட்மன், பூல்சன், ஹிகுச்சி மூவரும் ஆவியாகும் கரைப்பானில் மருந்தைக் கரைத்துத் தோல்மேல் விட்டு இதைச் செய்துகாட்டினார்கள். கரைப்பான் பறக்கப் பறக்க மிச்சமுள்ள கரைசல் எல்லையைத் தாண்டி நெருக்கமாகிறது, மருந்து கூடுதலாக உள்ளே போகிறது. தோலுக்கு எந்தத் தொல்லையும் இல்லாத இந்த வழி எனக்கு எப்போதும் பிடித்தமானது. அதனாலேயே ரோட்டிகோட்டினின் கதை என்னை அதிகம் பாதித்தது.

ஒன்பதுக்கு இரண்டு

ஜெர்மனியின் மோன்ஹைம் நகரிலிருந்த ஷ்வார்ஸ் ஃபார்மா நிறுவனம் இந்த பேட்சை உருவாக்கியது. 2006இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றார்கள். அந்த ஆண்டே பெல்ஜியத்தின் யூசிபி நிறுவனம் ஷ்வார்ஸை வாங்கும் ஒப்பந்தம் வந்தது.

பேட்ச் பார்ப்பதற்கு மிக எளிமை. அலுமினியம் பூசிய மேல் உறை, நடுவே மருந்து கலந்த பசை, கீழே உரித்து எறியும் படலம். எம்ஆர்ஐ எடுக்கும்போது கழற்றச் சொல்வது அந்த அலுமினியம் சூடாகித் தோலைச் சுடக்கூடும் என்பதால்தான். 10 சதுர சென்டிமீட்டர் பேட்சில் 4.5 மி.கி. மருந்து, அதில் 24 மணி நேரத்தில் 2 மி.கி. உடம்புக்குள் போகும். பெரிய அளவு வேண்டுமென்றால் பரப்பைக் கூட்டினால் போதும். 20 சதுர சென்டிமீட்டருக்கு 4 மி.கி., 40க்கு 8 மி.கி. வயிறு, தொடை, இடுப்பு, விலா, தோள், மேல்கை என்று தினம் இடம் மாற்றி ஒட்ட வேண்டும். ஒட்டிய இடத்துக்கு 14 நாட்களுக்குத் திரும்பக் கூடாது. உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் பசை உடல் சூட்டில் இளகித் தோலோடு பொருந்திக்கொள்ளும்.

நுட்பம் முழுக்க அந்தப் பசையில் இருக்கிறது. பேட்சுகளுக்கு அக்ரிலிக் பசையும் உண்டு, சிலிக்கோன் பசையும் உண்டு. அக்ரிலிக் பசை ரோட்டிகோட்டினை நன்றாகக் கரைத்து வைத்துக்கொள்ளும், அதாவது வசதியான சீட்டு. சிலிக்கோனில் இது அவ்வளவாகக் கரையாது. ஆகவே சிலிக்கோனைத் தேர்ந்தெடுத்தார்கள். கரையாத மருந்தை அதற்குள் எப்படி வைப்பது? மருந்தையும் போவிடோன் என்ற பாலிமரையும் ஆல்கஹாலில் கரைத்து, சிலிக்கோன் பசைக் கரைசலோடு கலந்து, தகட்டில் மெல்லியதாக இழுத்து உலர்த்தினால், சிலிக்கோனுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக மருந்து நிற்கும். ஒவ்வொரு துளியிலும் மருந்தோடு போவிடோனும் பின்னியிருக்கும். ரோட்டிகோட்டினின் மூலக்கூறில் இருக்கும் பீனால் தொகுதி போவிடோனோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்ள ஏற்றது. இன்னொரு ரோட்டிகோட்டின் மூலக்கூறைத் தேடிப் போய் வரிசை கட்டாமல் இருக்க அந்தப் பிடி உதவும்.

பசையில் மருந்து 9 சதவீதம், போவிடோன் 2 சதவீதம், மிச்சம் சிலிக்கோன். அந்த 9:2 என்ற விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாகு பூப்பது

வீட்டில் பாகு காய்ச்சியவர்களுக்கு மீதி பாதி ஏற்கெனவே தெரியும். குலாப் ஜாமூனுக்குக் காய்ச்சி வைத்த பாகு மறுநாள் காலையில் ஓரமெல்லாம் வெள்ளையாகக் கெட்டியாகி நிற்கும். பாகு பூத்துவிட்டது என்போம். சூட்டில் எல்லைக்கு மேல் கரைந்த சர்க்கரை, ஆறியதும் அதிதெவிட்டிய நிலையில் நிற்கிறது. ஆடாமல் அசையாமல் விட்டால் நிற்கும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒரே ஒரு சர்க்கரைக் குருணை ஒட்டியிருந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு எல்லாம் பூக்கத் தொடங்கிவிடும். கற்கண்டு செய்கிறவர்கள் நூல் கட்டித் தொங்கவிடுவது இதே குணத்தைப் பயன்படுத்தித்தான். பூக்காமலிருக்க அம்மா பாகில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவார். புளிப்பு சர்க்கரையில் கொஞ்சத்தை உடைத்து வேறு சர்க்கரைகளாக்கிவிடும். வேற்று மூலக்கூறுகள் நடுவே புகுந்தால் படிக வரிசை கட்டுவது தடுமாறும். பேட்சில் போவிடோனுக்கும் இதுபோலக் குறுக்கே நிற்கும் வேலைதான், வேதியியல் மட்டும் வேறு.

ஆனால் 9:2 பேட்ச் பல ஆண்டு ஆய்வக வேலையில் பூக்காமல் நின்றது. நோயாளிகளிடம் சோதித்தபோதும் நின்றது. ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தபோதும் நின்றது. கலவையை யாரும் மாற்றவில்லை. பிறகு ஏன் பூத்தது?

இரண்டாம் உருவம்

ஒரே மருந்து ஒன்றுக்கு மேற்பட்ட படிக உருவங்களில் இருக்கலாம். கரியே வைரமாகவும் பென்சில் முனைக் கிராஃபைட்டாகவும் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு. ரோட்டிகோட்டினுக்கு 2007 வரை ஒரே ஒரு படிக உருவம்தான் உலகத்துக்குத் தெரியும். மருந்து பிறந்து இருபது ஆண்டுக்கு மேலாகியும் வேறொன்றை யாரும் கண்டதில்லை. அதற்குப் பிறகு இரண்டாவது உருவம் வெளிப்பட்டது. முதல் உருவத்தைவிடச் சுமார் 20 டிகிரி அதிகச் சூட்டில் உருகும் அளவுக்கு அது உறுதியானது.

இந்த இடத்தில் வகுப்பில் எப்போதும் நிறுத்தி நிதானமாகச் சொல்வேன். உறுதியான படிகம் கரைவது கடினம். அதாவது அதன் கரைதிறன் குறைவு. தெவிட்டிய நிலை, அதிதெவிட்டிய நிலை என்பதெல்லாம் எந்தப் படிகத்தை வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. முதல் உருவத்தை அளவுகோலாக வைத்தபோது பேட்சில் இருந்த மருந்துக்கு இருந்த இடைவெளி சிறியது, போவிடோன் அதைத் தாங்கிப் பிடித்தது. இரண்டாம் உருவம் உலகத்துக்கு வந்த கணத்தில் அளவுகோல் மாறிவிட்டது. அதே பசை, அதே மருந்து, அதே 9:2, ஆனால் புதிய அளவுகோலின்படி அது எல்லையைத் தாண்டி வெகுதூரம் போய் நிற்கிறது. பிடித்து நிற்க ஒரு விதைப் படிகம் மட்டும் பாக்கி.

விதைக்கும் பஞ்சமிருக்காது. உறுதியான உருவம் ஓரிடத்தில் தோன்றிவிட்டால் அதன் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காற்றிலும் கருவியிலும் ஆடையிலும் ஒட்டி அடுத்த தொகுதிக்குப் போய்விடும். 1998இல் எச்ஐவி மருந்தான ரிட்டோனவிர் மாட்டிக்கொண்டது இப்படித்தான். இரண்டு ஆண்டு நன்றாக விற்பனையான கேப்சூலில் திடீரென்று புதிய உருவம் தோன்றியது. ஆபட் நிறுவனத்தால் பழைய உருவத்தைத் தயாரிக்கவே முடியாமல் போய், கேப்சூலைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். பேட்சுகளிலும் முன்னோட்டம் உண்டு. பயணக் குமட்டலுக்கான ஸ்கோபோலமைன் பேட்ச், 1979இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து பேட்ச். அதிலும் தண்ணீரோடு சேர்ந்த ஒரு படிக உருவம் பிற்பாடு தலைகாட்டியது, படலங்களைச் சூடாக்கி அதைக் கரைத்து அடக்கினார்கள்.

இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சிந்தனையில் ஓர் ஓட்டை இருந்தது என்று நினைக்கிறேன். அது ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியது இல்லை, துறை முழுவதற்கும் பொது. மாத்திரை செய்கிறவர்கள் படிக உருவங்களைத் தேடித் தேடிப் பட்டியலிடுவார்கள், மருந்து அங்கே திடமாகவே இருப்பதால். பேட்சில் மருந்து கரைந்துதானே இருக்கிறது, உருவத்தைப் பற்றி என்ன கவலை என்ற எண்ணம் எளிதில் வந்துவிடும். கரைந்த மருந்துக்குத்தான் உருவம் அதிகம் முக்கியம் என்பது ரோட்டிகோட்டினுக்குப் பிறகே பலருக்கும் உறைத்தது. எல்லையோடு விளையாடும் கலவைக்கு எல்லை எங்கே என்று தெரிந்தாக வேண்டும். எல்லையைச் சொல்வது, இருப்பதிலேயே உறுதியான படிகம்.

2008 தோல் வழி மருந்துகளுக்கே சோதனையான ஆண்டு. பிப்ரவரியில், கடும் வலிக்கான ஃபென்டனில் ஜெல் பேட்சின் ஓரத்தில் வெட்டு விழுந்து மருந்து கசியலாம் என்று அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்கள். வசந்தத்தில் ரோட்டிகோட்டின். அந்த ஆண்டின் பிற்பகுதியில், மின்னோட்டத்தால் ஃபென்டனிலைச் செலுத்தும் அயான்சிஸ் கருவியின் உட்பாகம் அரித்து, பொத்தானை யாரும் அழுத்தாமலே மருந்து வெளியேறலாம் என்று கண்டு ஐரோப்பாவில் அதை நிறுத்தினார்கள். மூன்றும் வெவ்வேறு தொழில்நுட்பங்கள். மூன்றிலும் மருந்தைத் தோலுக்குள் செலுத்தும் உத்தி பலித்தது. தடுமாறியது தயாரிப்பிலும், அலமாரியில் தாக்குப்பிடிப்பதிலும்தான்.

இரண்டு கண்டங்கள்

ஐரோப்பாவிலும் அதே படிகங்கள் வந்தன. ஆனால் அங்கே முடிவு வேறு. 2008இல் புதிதாக யாருக்கும் இந்த பேட்சைத் தொடங்க வேண்டாம் என்றார்கள், ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும் குளிர்பதனத்தில் வைத்துக் கொடுத்தார்கள். தொழிற்சாலை முதல் நோயாளியின் வீடு வரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். அடுத்த ஆண்டு, முழுக் குளிர்சங்கிலி இருந்ததால் புதிய நோயாளிகளுக்கும் கதவு திறந்தது.

குளிர் ஏன் உதவியது என்பதை மாணவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் குழம்புவார்கள், குழம்புவதும் நியாயமே. குளிரக் குளிரக் கரைதிறன் குறையும், அப்படியானால் பாகு இன்னும் சீக்கிரம் பூக்க வேண்டாமா? பூக்க வேண்டும் என்ற உந்துதல் கூடுவது உண்மை. ஆனால் குளிர்ந்த பசைக்குள் மூலக்கூறுகளால் நகர முடிவதில்லை. வரிசை கட்ட வேண்டியவர்கள் இடத்தைவிட்டு அசைய முடியாமல் உறைந்து நிற்கிறார்கள். ஆசை கூடினாலும் கால் எழவில்லை. பேட்சைத் தோலில் ஒட்டியதும் உடல் சூட்டில் மூலக்கூறுகள் மறுபடியும் நகரத் தொடங்கும், ஆனால் அதற்குள் 24 மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

எந்த முடிவு சரி என்று கேட்டால் நான் ஐரோப்பாவின் பக்கம். ஏற்கெனவே இதை நம்பி நடந்துகொண்டிருந்தவர்களின் மருந்தை நிறுத்தாமல் காத்தது பெரிய காரியம். அமெரிக்க நோயாளிகளுக்கு நான்கு ஆண்டு இந்த பேட்ச் இல்லை. ஆனால் குளிர்சங்கிலி என்பது நோயாளியின் தோளில் சுமையை மாற்றி வைப்பது என்பதையும் மறுக்க மாட்டேன். கை நடுங்கும் முதியவர், வெளியூர்ப் பயணம், மின்வெட்டு, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவோரம் என்று ஒவ்வொன்றிலும் அந்தச் சங்கிலி அறும்.

ஒன்பதுக்கு நான்கு

2012 ஏப்ரலில் மாற்றிய கலவையோடு நியூப்ரோ அமெரிக்காவுக்குத் திரும்ப வழி திறந்தது. பார்க்கின்சனின் முற்றிய நிலைக்கும் கால் பரபரப்பு நோய்க்கும் சேர்த்து அனுமதி கிடைத்தது. குளிர்பதனம் தேவையில்லை, அறை வெப்பநிலையே போதும். மாற்றம் என்ன? மருந்து அதே 9 பங்கு. போவிடோன் 2 பங்கிலிருந்து 4 பங்கு ஆனது.

இவ்வளவுதானா என்று முதல்முறை படித்தபோது எனக்கும் தோன்றியது. யோசித்தால், இந்தக் கத்தி முனையில் இதைத் தவிர வேறு எதைச் செய்தாலும் ஆபத்து. மருந்தைக் குறைத்தால் படிகம் வராது, ஆனால் துடிப்பும் குறையும், நோயாளிக்கு அளவு போதாது. மருந்தை நன்றாகக் கரைக்கும் பசைக்கு மாறினால் படிகம் வராது, மருந்தும் வெளியே வராது. துடிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, வரிசை கட்டுவதை மட்டும் தடுக்க வேண்டும். போவிடோனைக் கூட்டுவது அதைச் செய்கிறது. அளவில்லாமல் கூட்டவும் முடியாது. போவிடோன் காற்றின் ஈரத்தை இழுக்கும் பொருள், அளவு மீறினால் பசையின் பிடிமானம் கெடும்.

அந்தச் சிறிய எண் நீதிமன்றம் வரை போனது. 9:4 முதல் 9:6 வரையான விகிதத்துக்கு யூசிபி காப்புரிமை பெற்றிருந்தது. ஆக்டாவிஸ் நிறுவனம் அதை எதிர்த்தது. பழைய காப்புரிமைகளிலேயே 9:1.5 முதல் 9:5 வரை சொல்லப்பட்டிருந்ததால், துறை அறிந்த ஒருவர் எட்டக்கூடிய மாற்றம்தான் இது என்று 2023 ஏப்ரலில் அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், காப்புரிமை செல்லாது என்ற கீழ் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். படிகம் வந்த பிறகு எட்டக்கூடியதாகத் தெரியும் மாற்றம், வருவதற்கு முன்பு யாருக்கும் தேவையாகவே தெரியவில்லை என்பதையும் பக்கத்தில் வைத்துத்தான் அதைப் படிக்கிறேன்.

எங்கள் மேசையில்

நம் ஊர் மருந்தியல் கல்லூரிகளில் முதுகலை ஆய்வுக்கு பேட்ச் செய்வது நெடுநாள் வழக்கம். கண்ணாடித் தட்டில் கரைசலை ஊற்றி, மேலே புனலைக் கவிழ்த்து மெதுவாக உலரவிட்டு, படலத்தை உரித்தெடுத்து, ஃபிரான்ஸ் செல் என்ற, ஊடுருவலை அளக்கும் கண்ணாடிக் கருவியில் பன்றிக் காதுத் தோலையோ செல்லோபேனையோ பொருத்தி, 24 மணி நேரம் ஊடுருவலை அளப்பார்கள். எந்தக் கலவை அதிகம் தள்ளுகிறதோ அதுதான் சிறந்த கலவை என்று வரைபடம் முடியும். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் வழிநடத்தினேன்.

ஒருமுறை, இரத்த அழுத்த மருந்து ஒன்றை வைத்து ஒரு மாணவர் செய்த படலத்தை, ஆய்வேடு சமர்ப்பித்த பிறகு இழுப்பறையிலிருந்து எடுத்துப் பார்த்தோம். உறையோடு ஐந்து மாதம் கிடந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் லேசான மூட்டம், அவ்வளவுதான். நுண்ணோக்கியில் வைத்து, ஒளியை ஒரே தளத்தில் மட்டும் விடும் இரண்டு முனைவாக்கிகளையும் குறுக்காகத் திருப்பினேன். படிகமில்லாத இடமெல்லாம் கறுப்பாகிவிடும், படிகம் மட்டும் ஒளிரும். கறுத்த வட்டத்துக்குள் ஊசி ஊசியாக, நட்சத்திரம் வெடித்தது போல மஞ்சளும் நீலமுமாக எழுந்து நின்றது மருந்து. எல்லாக் கலவைகளிலும் அதிக ஊடுருவல் காட்டியது அந்தப் படலம்தான். மாணவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், அப்போ என் கிராஃப் எல்லாம் முதல் நாள் கிராஃப் மட்டும்தானா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அன்றிலிருந்து எங்கள் வரிசை மாறியது. ஃபிரான்ஸ் செல்லுக்குப் போவதற்கு முன்பு ஒவ்வொரு படலத்திலும் ஒரு துண்டு வெட்டி, அதே மருந்தின் படிகத் துகளைப் பரப்பில் வேண்டுமென்றே தேய்த்து, அறைச் சூட்டில் ஒன்றும் 40 டிகிரியில் ஒன்றும் வைக்கிறோம். விதை போட்டும் பூக்காத படலம்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும். சோதனை மூன்று மாதம் பின்தங்குகிறது, வழிகாட்டிக் குழுவில் அதற்காகக் கேள்வியும் வருகிறது. ரோட்டிகோட்டின் பேட்சின் இன்றைய ஐரோப்பிய உறையில் 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. எங்கள் ஆய்வகச் சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானி மே மாதத்தில் பகல் பதினோரு மணிக்கே 36 காட்டும். படலங்களை அந்த வெப்பமானிக்குக் கீழேதான் அடுக்கி வைத்திருக்கிறோம். இந்த ஆண்டு வைத்த ஆறு கலவைகளில் நான்கு இரண்டாம் வாரத்துக்குள் பூத்துவிட்டன. போவிடோன் கூடுதலாகப் போட்ட இரண்டும் ஏழாவது வாரத்தில் இன்னும் கறுப்பாகவே இருக்கின்றன.